ஊசி தாவிய வரி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் சிம்மக்கல்லைத் தாண்டித் திலகர் திடல் சந்தைக்குள் நுழைந்துவிடுவது பல வருடங்களாக என் வழக்கம். பழைய இரும்பு, மிதிவண்டி உதிரிகள், ஓடாத மிக்ஸி, கைப்பிடி உடைந்த இஸ்திரிப் பெட்டி என்று தார்ப்பாயில் பரப்பி வைத்திருக்கும் கடைகளுக்கிடையே இசைத்தட்டு கண்ணில் படுவது மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான். ஆனாலும் போகாமல் இருந்த வாரத்தில்தான் நல்ல சரக்கு வந்து வேறு யாரிடமாவது போய்ச் சேரும் என்பது என் அனுபவம் என்பதால், மழை பெய்தாலும் வண்டியை எடுத்துவிடுகிறேன்.

தட்டு வாங்குவதில் ஒரு பயிற்சி இருக்கிறது. உறையிலிருந்து எடுத்ததும் கிழக்கே திரும்பி, இளவெயிலில் தட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் எல்லாத் தட்டும் கறுப்பாகத்தான் இருக்கும். சாய்த்தால்தான் கீறல் வெள்ளி இழை போலத் தெரியும். நகத்தால் மெல்லத் தடவும்போது நகம் தட்டினால் அந்தக் கீறல் ஊசியையும் தட்டும். சாம்பல் பூத்த மாதிரி இருப்பது பெரும்பாலும் பூஞ்சை. அது கழுவினால் போய்விடும். தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி விளிம்பைப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும், வளைந்தது வேண்டாம். 78 சுற்றுத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை, கை தவறினால் அப்பளம் போல நொறுங்கிவிடும் என்பதால் அவற்றை நான் பையில் போடாமல் மார்போடு அணைத்தே கொண்டுவருவேன். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே கடை போடும் ஒரு பாய். அவரே விற்பனையாளராக இருந்துகொண்டு, “இது வேணாம் சார், ஊசியத் தின்னுரும்” என்று என் கையிலிருந்து பிடுங்கி வைத்த தட்டுகளும் உண்டு.

சந்தைக்கு வருகிற தட்டுகளில் பெரும்பங்கு மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் மைக் செட்காரர்களிடமிருந்து வந்தவைதாம். ஒலிநாடா வந்ததும் அவர்கள் தட்டுகளைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த தலைமுறை அதை எடைக்குப் போடுகிறது. நாய் கிராமபோன் முன்னால் உட்கார்ந்திருக்கும் லேபிளில், பாடகர் பெயருக்குக் குறுக்காக, நீல மையில் செட்காரரின் பெயரும் ஊரும் எழுதியிருக்கும், அல்லது ரப்பர் முத்திரை குத்தியிருக்கும். சேகரிப்பவர்கள் சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கையெழுத்து இல்லாத தட்டு கொஞ்சம் ஊமையாகத் தெரிகிறது. எத்தனை காதுகுத்து, எத்தனை கல்யாணம், எத்தனை பொங்கல் வைப்பு என்று அது பாடித் தேய்ந்திருக்கும்!

என் பாட்டுப் பழக்கமே அப்படிப்பட்ட ஒரு தட்டிலிருந்து தொடங்கியதுதான். சோழவந்தானில் ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா என்றால், கொடி ஏறுவதற்கு முன்பே தென்னை மரங்களில் குழாய் கட்டிவிடுவார்கள். விடிகாலையில் முதலில் ஒலிப்பது டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ஒரு முருகன் பாட்டு. மாரியம்மன் திருவிழாவுக்கு முருகன் பாட்டு ஏன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. பாடுகிறவர் மதுரைக்காரர் என்பதே போதுமான காரணமாக இருந்திருக்கலாம். அந்தப் பாட்டை நான் எட்டு வயதிலேயே முழுவதும் மனப்பாடமாகப் பாடுவேன். அந்த வருடத் திருவிழாவின் கடைசி நாள் மதுரையிலிருந்து வந்த இன்னிசைக் குழு ஒன்று மேடையில் அதே பாட்டைப் பாடியபோது, சரணத்தின் நடுவில் எனக்குத் தெரியாத ஒரு வரி வந்தது. பாடகர் தவறாகப் பாடுகிறார் என்று பக்கத்திலிருந்த அண்ணனிடம் சத்தமாகச் சொன்னேன். மறுநாள் காலை குழாய் அவிழ்க்க வந்த மைக் செட் மாமாவிடம் கேட்டபோது அவர் சிரித்தார். “அந்த எடத்துல ஊசி தாவுதுப்பா. பாட்டுல அந்த வரி இருக்கு, நம்ம பிளேட்டுல இல்ல” என்றார்.

ஊர் முழுக்க அந்தப் பாட்டை ஒரு வரி குறைவாகவே கற்றிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. தட்டில் கேட்டதைக் கச்சேரியில் சரிபார்க்க வேண்டும், கச்சேரியில் கேட்டதைத் தட்டில் தேட வேண்டும் என்ற இந்த இரட்டை அலைச்சல் எனக்கு அன்றே தொற்றிக்கொண்டது.

கல்லூரிக்காக 1987இல் சோழவந்தானிலிருந்து தினமும் சீசன் டிக்கெட்டில் மதுரைக்கு ரயிலேறத் தொடங்கிய பிறகு, கையில் காசு புழங்கத் தொடங்கியது. அது புழங்கிய இடம் டவுன்ஹால் ரோட்டைச் சுற்றியிருந்த ரெக்கார்டிங் கடைகள். வெற்று ஒலிநாடாவையும் பாடல் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிட நாடாவில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு. தொண்ணூறில் பத்தொன்பது, இருபது. பட்டியலை எழுதுவதே ஒரு கலையாக இருந்தது. ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம் என்றால், எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு எழுதாவிட்டால், பக்கத்தின் கடைசிப் பாட்டு பல்லவியோடு அறுந்துவிடும். மீதமிருக்கும் இரண்டு நிமிடத்தில் கடைக்காரப் பையன் தன் விருப்பத்துக்கு ஒரு புல்லாங்குழலையோ வயலினையோ போட்டு நிரப்பிவிடுவான். நான் கேட்காமலே வந்து சேர்ந்த அந்தத் துணுக்குகளில் சில, நான் கேட்டு வாங்கிய பாட்டுகளைவிட நீண்ட நாள் என்னோடு இருந்தன.

ஆல்பம் என்ற சொல்லுக்கு அப்போது எங்களிடையே ஒரே பொருள்தான்: ஒரு படத்தின் பாட்டுகள். பெரிய தட்டாக இருந்தால் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். அதனால்தான் இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ ஒலிநாடாவை நான் வாங்கி வந்தபோது, அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எந்தப் படம்?” என்று கேட்டார். படம் இல்லை, வெறும் இசைதான் என்றேன். “பாட்டே இல்லாததுக்கா இவ்வளவு காசு?” என்றார். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசை மேதை பாஹுக்கும் (Bach) காணிக்கையாக்கப்பட்ட அந்த இசையில் வி.எஸ்.நரசிம்மனின் வயலின் என்ன செய்கிறது என்பது எனக்கும் அன்று புரியவில்லை. ஆனால் அதில் வருவது என்ன ராகம் என்று ஒருவரிடம் கேட்கப்போய், அவர் என்னைக் கோகலே ரோட்டிலுள்ள லட்சுமி சுந்தரம் ஹாலுக்கு அழைத்துப்போனார். சத்குரு சங்கீத சமாஜத்தின் கச்சேரி. கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றில் முழுதாக உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

அந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட குழப்பத்தை இன்றும் மறக்கவில்லை. அதுவரை பழைய 78 தட்டிலிருந்து பதிவு செய்த கீர்த்தனைகளைத்தான் கேட்டிருந்தேன். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதிய முடியும். சொல்லில்லாமல் ராகத்தை மட்டும் பாடும் ஆலாபனை என்று ஒரு மூச்சு, பல்லவி, அனுபல்லவி, சரணம், முடிந்தால் நாலு ஆவர்த்தம் ஸ்வரம், அவ்வளவுதான். அந்த மூன்று நிமிடத்தையே கீர்த்தனையின் இயல்பான அளவு என்று நினைத்திருந்த எனக்கு, மேடையில் ஆலாபனைக்கே கால் மணி நேரம் போனதும், ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நிரவல் என்று பாடகர் சுற்றிச் சுற்றி வந்ததும், தட்டு மாட்டிக்கொண்டது போலவே இருந்தது. ஊசி தாவி ஒரு வரி போன ஊரிலிருந்து வந்தவன், ஒரே வரியில் ஊசி சிக்கிக்கொண்டது போன்ற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு நின்று மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் எழுந்து காபிக்குப் போனது. நானும் எழுந்தேன், அழைத்துவந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

எம்.எஸ்.சுப்புலட்சுமி தன் முதல் இசைத்தட்டை 1926இல், பத்து வயதில் கொடுத்தார். அந்தத் தட்டுகள் அளித்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு குரல் தன்னை நிரூபித்தாக வேண்டியிருந்தது என்பது, பிறகு நான் கச்சேரிகளில் ஊறிய பின்புதான் எனக்கு உறைத்தது. அனுமந்தராயன் கோயில் தெருவில் அவர் பிறந்த வீட்டின் முகப்பில் ஒரு வீணை இருக்கும். அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். அந்தத் தெரு வழியே போகும்போதெல்லாம் நான் வண்டியின் வேகத்தைக் குறைப்பேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

மதுரையின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் சூடிய பாடகர்களில் மணி ஐயரை நான் கேட்டிருக்க வழியில்லை. அவர் 1968இல் காலமாகிவிட்டார். ஆனால் சோமு 1989 வரை இருந்தார். நான் மதுரைக்கு வந்து போகத் தொடங்கி இரண்டு வருடம் இருந்தார். கோயில் திருவிழாக்களில் நள்ளிரவைத் தாண்டியும் பாடக்கூடியவர், மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துக்கொள்கிறவர் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தும், கடைசி ரயில் போய்விடுமே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் இசை வாழ்க்கையில் யார்மீதாவது எனக்குக் கோபம் உண்டென்றால் அது அந்தப் பத்தொன்பது வயதுப் பையன்மீதுதான். பிற்பாடு அவருடைய கச்சேரிப் பதிவுகளை ரசிகர்களிடம் கெஞ்சிக் கெஞ்சிப் படியெடுத்தேன். படியின் படி, அதன் படி என்று வந்தவற்றில் குரலுக்குச் சமமாக இரைச்சலும் இருக்கும். யாரோ இருமுவதும், குழந்தை அழுவதும்கூட எனக்கு மனப்பாடம். மணி ஐயரின் பதிவுகளிலும் இப்படித்தான். கணக்கு வழக்குகளில் சிக்காமல், தாளத்தின் ஓட்டத்தோடு ஓடிவரும் அந்தச் சர்வலகு ஸ்வரங்களைச் சமையலறைக்குள் கேட்டால் என் மனைவியின் கரண்டி தானாகத் தாளம் போடும். அவளுக்கு ராகத்தின் பெயரில் அக்கறையில்லை.

சென்னையில் 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக மறு வருடம் மியூசிக் அகாடமி தோன்றியதும், அதிலிருந்து மார்கழி சீசன் வளர்ந்ததும் எல்லோரும் அறிந்தது. எங்களுக்கு அப்படியொரு நெரிசலான மாதம் இல்லை. சமாஜத்தின் கச்சேரிகள், ராஜா முத்தையா மன்றத்தில் தமிழிசைச் சங்க நிகழ்ச்சிகள், நவராத்திரியிலும் சித்திரையிலும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நடப்பவை, அப்புறம் யாராவது வீட்டுக் கல்யாண வரவேற்பில் காதில் விழுவது என்று வருடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வைகை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை சென்று ஐந்து நாளில் பதினைந்து கச்சேரி கேட்டுத் திரும்புவேன். மூன்றாம் நாளிலேயே எது எந்தப் பாடகர் பாடிய தோடி என்று கலங்கிவிடும். கேட்டதை அசைபோட இடைவெளி வேண்டுமென்றால் மதுரைதான் எனக்குச் சரி.

கோயிலுக்குள் நடக்கும் கச்சேரியை நான் அரங்கக் கச்சேரியைவிட ஒரு படி மேலே வைப்பேன், வசதிக்காக அல்ல. உட்காரும் கல் பகலெல்லாம் காய்ந்த சூட்டை இரவு எட்டு மணிக்கும் விடாது. முன்னால் குழந்தைகள் ஓடும். பின்னால் பொட்டலம் பிரியும். ஒரு நவராத்திரியில், பாடகி தாளமில்லாமல் செய்யுளை ராகத்தில் பாடும் விருத்தம் ஒன்றைத் தொடங்கிய நேரத்தில் உள்ளிருந்து நாகசுரமும் தவிலும் கிளம்பிவிட்டன. இரண்டுக்கும் சுருதி வேறு. அவர் பாடுவதை நிறுத்திவிட்டுக் கைகூப்பி உட்கார்ந்தார். நாகசுரம் எங்களைக் கடந்து போய்த் தேய்ந்து மறைந்த பிறகு, அது விட்டுச்சென்ற ராகத்திலேயே, தன் சுருதியில், விருத்தத்தை மறுபடி தொடங்கினார். கூட்டத்தில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்று சொல்ல முடியாது. மிருதங்கக்காரர் கவனித்துச் சிரித்ததை நான் பார்த்தேன். இதை எந்தத் தட்டிலும் வாங்க முடியாது. 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்துக்காக நாகசுரம் வாசித்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் ஊர் இது என்பதால், நாகசுரம் வந்தால் பாட்டு வழிவிடுவது நியாயம்தான் என்றும் எனக்குத் தோன்றும்.

மாறாக, சில வருடங்களுக்கு முன் சுற்றுச்சாலை ஓரத்து மைதானம் ஒன்றில் நடந்த பெரிய திரையிசைக் கச்சேரிக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்து நானும் மகளும் போனோம். எங்கள் இருக்கை மேடையிலிருந்து நூறு மீட்டருக்கும் அப்பால். பாடகர் எறும்பளவு தெரிந்ததால் எல்லோரும் பெரிய திரையையே பார்த்தோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். திரையில் உதடு அசைந்த பிறகு, கால் நொடிக்கும் மேல் கழித்து முன்வரிசை ஒலிபெருக்கிகளின் குரல் எங்களிடம் வந்தது. சரியாக ஏற்பாடு செய்கிறவர்கள் இடையிடையே கோபுரம் நட்டு, அதில் வைக்கும் ஒலிபெருக்கிகளைத் தூரத்துக்கேற்பத் தாமதப்படுத்தி வைப்பார்கள். அங்கே கோபுரமும் இருந்தது, தாமதக் கணக்குதான் இல்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லும் எங்களுக்கு இரண்டு முறை கேட்டது. தண்ணீர்ப் போத்தலை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு உள்ளே மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். மகள் மட்டும் தொண்டை கட்டும் வரை கூடவே பாடினாள். “உங்களுக்கு எல்லாத்துலயும் கணக்குப்பா” என்றாள் திரும்பும் வழியில். அவள் அன்று கேட்டது வேறு கச்சேரி என்றுதான் நினைக்கிறேன்.

கணக்கு என்று அவள் சொன்னது உண்மைதான். என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் வாங்கியவை, வலப்பக்கம் கேட்டவை. இடப்பக்கத்தில் விலை இருக்கும். வலப்பக்கத்தில் பெரும்பாலும் ‘அனுமதி இலவசம்’ என்றிருக்கும், அதோடு பெட்ரோல், பருத்திப்பால், கச்சேரி முடிந்த பின் பதினோரு மணிக்குச் சாப்பிட்ட இட்லி. மாதச் செலவு வரம்பை மீறினால் மறு மாதம் சந்தைக்குப் போகலாம், வாங்கக் கூடாது என்பது வீட்டில் ஏற்பட்ட உடன்பாடு. அந்த உடன்பாட்டை நான் இரண்டு முறை மீறியிருக்கிறேன், இரண்டு முறையும் பிடிபட்டேன். தட்டுகளைச் செய்தித்தாளுக்குள் மறைத்தாலும் அவற்றின் பழைய வாசனையை மறைக்க முடிவதில்லை.

கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு, என்னிடமும் கைபேசி இருக்கிறது, பேருந்தில் அதில்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிடுவேன். தட்டுகளைக் காப்பாற்றுவது, அதுவும் இந்த ஊர் வெயிலில், தனி வேலை. படுக்கவைத்து அடுக்கினால் சித்திரைக்குள் கீழ்த்தட்டுகள் வளைந்துவிடும். நிமிர்த்தி, நெருக்கமாக, மாடிச்சூடு இறங்காத அறையில் வைக்க வேண்டும். சுழல்தட்டின் ரப்பர் பெல்ட் கோடையில் தளரும். தளர்ந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். மாதம் ஒருமுறை, எனக்கு நன்றாகப் பழகிய ஒரு தட்டைப் போட்டு, பக்கத்தில் சுருதிப் பெட்டியை வைத்துச் சரிபார்ப்பேன். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீரும், ஒரு சொட்டு சோப்புக் கரைசலும், மெல்லிய துணியும் போதும். ஆனால் அரக்குத் தட்டில் ஸ்பிரிட் மட்டும் படக் கூடாது. பட்டால் மேல்பரப்பே கரைந்துவிடும். இதை நான் ஒரு நல்ல தட்டைப் பறிகொடுத்துக் கற்றேன்.

மூன்று மாதத்துக்கு முன் பாய் எனக்காக ஒரு சிறு தட்டை எடுத்து வைத்திருந்தார். 45 சுற்று, உறை கிழிந்தது, லேபிளில் யார் பெயரும் எழுதப்படாதது. அதே முருகன் பாட்டு. நாற்பது வருடத்துக்கும் மேலாக நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் அது எப்போதும் கிடைத்தது. ஆனால் தட்டாகக் கிடைத்தது இப்போதுதான். நூற்றைம்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கழுவி, உலர்த்தி, போட்டேன். குரல் கணீரென்று வந்தது. நானும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், சரணம் வந்தது, அந்த இடம் வந்தது, ஊசி எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது, நான் மட்டும் ஒரு வரி முன்னால் போய் நின்றேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்க, பிளேட்டு சரியாத்தானே பாடுது, நீங்கதான் தாவுறீங்க” என்றாள்.

இன்னொரு முறை போட்டேன், மறுபடியும் தாவினேன். பிறகு தட்டைத் திருப்பி மறுபக்கத்தைப் போட்டேன். அதிலும் டி.எம்.எஸ்.தான், அதுவும் முருகன் பாட்டுதான். ஆனால் நான் கேட்டதே இல்லை. அத்தனை வைகாசியிலும் மைக் செட் மாமா அந்தப் பக்கத்தை ஒரு நாளும் திருப்பிப் போட்டதில்லை போலிருக்கிறது.